சுங்கை சிப்புட்டில் ஒரு மஸ்டாங்: பதினாறு மாதம் ஓட்டிய பிறகு

2019 மாடல் ஃபோர்டு மஸ்டாங் ஜிடி. 5 லிட்டர் வி8, 10 கியர் ஆட்டோ. ஒரு கை மாறி வந்த காடிதான், ஆனால் எனக்குப் புதுசு. மாரியம்மன் கோயில் வாசலில் எலுமிச்சம்பழம் வைக்கக் குனிந்த பூசாரி, பின் டயரைத் தடவிப் பார்த்துவிட்டு, "என்ன தம்பி, லோரி டயர் மாதிரி இருக்கு!" என்றார்.

டயர் அகலம் பின்னால் 275 மில்லிமீட்டர், முன்னால் 255. அளவு வேறு என்பதால் முன்பின் மாற்றிப் போட முடியாது. பின் டயர்தான் சீக்கிரம் தேயும், அதற்குத் தனியாகப் பணம் எடுத்து வையுங்கள். ரோட் டேக்ஸ் அதைவிடப் பெரிய செலவு. நம் மலேசியக் கணக்குப்படி 3000 சிசிக்கு 2,130 வெள்ளி (ரிங்கிட்), அதற்கு மேல் ஒவ்வொரு சிசிக்கும் 4.50. இந்த இன்ஜின் 5,038 சிசி. ஆக, வருடத்துக்கு 11,301 வெள்ளி.

சரி, என் விருப்பத்துக்கு மாற்றியவை. மீட்டர் திரையின் நிறத்தை நீலமாக்கினேன். கண்ணாடிக்குக் கருப்புத் தாள் ஒட்டிய கடையில் முன் கதவுகளுக்கும் இருட்டான தாளைப் போட்டுவிட்டார்கள். சாலைப் போக்குவரத்து இலாகாவான ஜேபிஜேயின் விதிப்படி முன்கண்ணாடியில் 70 விழுக்காடு, முன் கதவுகளில் 50 விழுக்காடு வெளிச்சம் உள்ளே வர வேண்டும். உரித்துவிட்டு மறுபடி ஒட்ட வேண்டியதாயிற்று. இரண்டு முறை பணம்.

காடியின் உயரத்தைக் குறைக்கச் சொல்லி நண்பர்கள் விடவே இல்லை. நான் மறுத்துவிட்டேன். எங்கள் தாமானில், அதாவது குடியிருப்பில், முக்குக்கு முக்கு வேகத்தடை மேடு. இப்போதே குறுக்காக ஏறினால்தான் முன் பம்பரின் உதடு உரசாமல் தப்பும். தோட்டப் பாதையில் செம்பனை லோரியிலிருந்து விழுந்த குலைகளின் முள் வேறு. டயரில் குத்தினால், என் டிக்கியில் மாற்று டயர் கிடையாது, பசையும் காற்று பம்பும்தான்.

இந்தக் காடியில் எனக்கு ரொம்பப் பிடித்தது சத்தத்தை அடக்கும் வசதி. வாங்கிய முதல் வாரம், விடியற்காலை ஐந்தரைக்கு ஸ்டார்ட் செய்தேன். குளிர்ந்த வி8 ஒரே உறுமல். பக்கத்து வீட்டுக் கைப்பிள்ளை வீறிட்டு அழுதது. அம்மா முப்பது வருடம் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவியவர். நாங்கள் தூங்கும்போது கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு இருட்டில் வேலைக்குப் போனவர். "ஊரே தூங்குதுப்பா" என்று மட்டும் சொன்னார். அன்றே அமைப்பில் நேரம் குறித்து வைத்தேன்: இரவு பத்திலிருந்து காலை ஏழுவரை, புகைக்குழாயின் வால்வு மூடியபடியே ஸ்டார்ட் ஆகும். வேறு எதையும் மாற்றாவிட்டாலும் இதை முதலில் செய்யுங்கள்.

உறுமலைக் கேட்க வேறு இடம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை கோலகங்சாரில் நெடுஞ்சாலை ஏறி ஈப்போவுக்குப் போகும்போது மெனோரா சுரங்கப்பாதை வரும். ஸ்போர்ட் மோடில் போட்டு, கண்ணாடியை இறக்கி, கியரைக் குறைத்தால் போதும். வேகம்கூடத் தேவையில்லை. சுவர் இரண்டிலும் மோதித் திரும்பும் அந்தச் சத்தத்தில் எனக்கு இன்னும் மயிர்க்கூச்செறிகிறது. சுரங்கம் நெருங்கினால் இப்போதெல்லாம் அம்மாவே தன் பக்கக் கண்ணாடியை இறக்கிவிடுகிறார்.

எண்ணெய் ரோன் 97 பெட்ரோல்தான் ஊற்றுகிறேன். ஊருக்குள் ஓட்டினால் நன்றாகவே குடிக்கும். அடுத்த மாதம் பின் டயர் இரண்டையும் மாற்றப்போகிறேன், அதே 275தான்.