பிரிண்டர் டிரைவர் என்ற பெயரில் 3,500 ரூபாய் பறிபோனது: பழைய பிரிண்டர் வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்ததால், வீட்டிலிருந்த பழைய கணினியில் அதற்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டுக்கொண்டேன். கணினி நன்றாகவே ஓடியது. பிரிண்டர்தான் முரண்டு பிடித்தது. எச்பி லேசர்ஜெட் 1020, டியூஷன் பிள்ளைகளுக்குப் பல ஆண்டுகளாக வினாத்தாள் அடித்துத் தந்த பிரிண்டர். அதன் பெயர் திரையில் சரியாகத் தெரிந்தது. அச்சிடக் கொடுத்தால் வேலை முடிந்ததாகவும் காட்டியது. தாள் மட்டும் அசையவில்லை.

மறுநாள் காலை பிள்ளைகளுக்குத் தேர்வு. அந்த அவசரத்தில் பிரிண்டரின் பெயரையும் லினக்ஸ் டிரைவர் (பிரிண்டரோடு கணினி பேச உதவும் மென்பொருள்) என்பதையும் சேர்த்து இணையத்தில் தேடினேன். முதலில் வந்த பக்கத்தில் பிரிண்டரின் படமும், அதன் கீழே பெரிய எழுத்தில் ஓர் உதவி எண்ணும் இருந்தன. தயாரித்த நிறுவனத்தின் எண் என்றே நம்பி அழைத்துவிட்டேன்.

பேசியவர் மிகவும் பணிவாகப் பேசினார். தொலைவிலிருந்து கணினியை இயக்க உதவும் செயலி ஒன்றைப் போடச் சொன்னார். பிறகு, கணினி தொடங்கும்போது பதிவாகும் குறிப்புகளைத் திறந்து, சிவப்பு நிறத்தில் இருந்த நான்கைந்து வரிகளைக் காட்டினார். "பாருங்கள் மேடம், எல்லாம் பழுது. டிரைவருக்கு உரிமம் வாங்கினால்தான் சரியாகும்" என்றார். நல்ல நிலையில் ஓடும் லினக்ஸ் கணினியிலும் அப்படிச் சில வரிகள் இருப்பது சாதாரணம். அது எனக்கு அன்று தெரியாது. 3,500 ரூபாயை யுபிஐ வழியாக அனுப்பினேன். மின்னஞ்சலில் ஒரு கோப்பு வந்தது. பெயரின் கடைசியில் இஎக்ஸ்இ என்று இருந்தது. அது விண்டோஸுக்கான கோப்பு. லினக்ஸில் டிரைவராக வேலை செய்யவே செய்யாது. மறுபடி அழைத்தேன். யாரும் எடுக்கவில்லை.

கோயம்புத்தூரில் இருக்கும் அக்கா மகனுக்குப் போன் செய்தேன். "முதலில் இணைய இணைப்பைத் துண்டியுங்கள், சித்தி" என்றான். அந்தச் செயலியை நீக்கச் சொன்னான். வங்கி, மின்னஞ்சல் கடவுச்சொற்களையெல்லாம் கைபேசியிலிருந்து மாற்ற வைத்தான். அதன் பிறகுதான் பிரிண்டருக்கு வந்தான்.

கட்டளைகளை அடிக்கும் டெர்மினல் என்ற சாளரத்தைத் திறந்து, எல்எஸ்யுஎஸ்பி என்ற ஐந்து ஆங்கில எழுத்துகளை அடிக்கச் சொன்னான். வந்த வரிகளில் ஒன்றில் 03எஃப்0 என்றும், முக்காற்புள்ளிக்குப் பின் 2பி17 என்றும் இருந்தது. முதலாவது நிறுவனத்துக்கான அடையாளம், இரண்டாவது இந்த மாடலுக்கானது. பழைய ஸ்கேனரோ வைஃபை கருவியோ, யுஎஸ்பியில் செருகும் எதுவானாலும் இந்த எண்ணைக் கொண்டு தேடுங்கள். பெட்டியின் மேல் ஒரே பெயர் இருந்தும் உள்ளே சிப் மாறியிருக்கும் கருவிகள் உண்டு.

இந்தப் பிரிண்டர் தனக்கு வேண்டிய ஃபர்ம்வேரை, அதாவது தான் இயங்குவதற்கான உள் மென்பொருளை, தன்னுள் நிரந்தரமாக வைத்துக்கொள்வதில்லை. ஒவ்வொரு முறை சுவிட்சைப் போடும்போதும் கணினிதான் அதை அனுப்ப வேண்டும். விண்டோஸ் டிரைவர் இத்தனை நாளும் அதைச் சத்தமில்லாமல் செய்துவந்திருக்கிறது. லினக்ஸில் எச்பி பிரிண்டர்களுக்காக எச்பிஎல்ஐபி என்ற மென்பொருள் இருக்கிறது. ஆனால் உரிம நிபந்தனை காரணமாக அந்த ஃபர்ம்வேர் அதோடு சேர்ந்து வருவதில்லை. எச்பி, ஒரு சிறுகோடு, பிளக்இன் என்று இடைவெளியில்லாமல் ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் டெர்மினலில் அடித்தால், நிபந்தனைகளுக்குச் சம்மதம் கேட்டுவிட்டுத் தானே இறக்கிக்கொள்கிறது. பிரிண்டரை அணைத்துப் போட்டேன். உள்ளே உருளை சுழலும் சத்தம் கேட்டது. முதல் வினாத்தாள் சூடாக வெளியே வந்தது. இதற்கு ஒரு பைசா கூடக் கட்டணம் கிடையாது.

கேனான் எல்பிபி 2900 வைத்திருப்பவர்களுக்கு இந்த வழி உதவாது. அது கேப்ட் என்ற வேறு முறையில் பேசும் பிரிண்டர். அதற்குரிய டிரைவர் தனி. ஸ்கேனர் என்றால், லினக்ஸில் ஸ்கேனர்களை இயக்கும் மென்பொருளை உருவாக்கும் சேன் திட்டத்தின் பட்டியலில் உங்கள் மாடலுக்கு எந்த அளவு ஆதரவு என்று குறித்திருப்பார்கள். எதையும் வாங்குவதற்கு முன் அதைப் பாருங்கள்.

1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணில் அன்றிரவே புகார் கொடுத்தேன், வங்கிக்கும் தெரிவித்தேன். பணம் இன்னும் வரவில்லை. நேற்று மறுபடி தேடிப் பார்த்தேன். அதே உதவி எண், இப்போது வேறொரு பிரிண்டரின் படத்துக்குக் கீழே இருக்கிறது.