சரக்கொன்றையா, குல்மோகரா? நாற்றுப்பண்ணைக் கன்றுகள் ஒரு மதிப்பீடு

கோடையில் பூத்துக் குலுங்குவதைப் பார்த்துவிட்டு நாற்றுப்பண்ணைக்குப் போகிறவர்கள் கேட்பது பெரும்பாலும் இந்த இரண்டு கன்றுகளைத்தான். வீட்டு மனைக்கு என்றால் சரக்கொன்றையை வாங்குங்கள். குல்மோகர் திடலுக்கு உரியது.

இரண்டுமே அவரைக் குடும்பம், ஆனால் பேரினம் வேறு. சரக்கொன்றையின் அறிவியல் பெயர் காசியா ஃபிஸ்டுலா. குல்மோகர் டெலோனிக்ஸ் ரீஜியா; நம் வாதநாராயண மரம் இதன் பங்காளி.

காசு வீணாவது கன்றைத் தவறாக அடையாளம் காண்பதில்தான். சரக்கொன்றையின் ஒரு காம்பில் 3 முதல் 8 ஜோடி வரை அகலமான பெரிய சிற்றிலைகள் இருக்கும். பத்து ஜோடிக்கு மேல், ஒடுங்கி நுனி கூர்த்திருந்தால் அது சென்னா ஸ்பெக்டாபிலிஸாக இருக்கலாம். முதுமலைக் காட்டை ஆக்கிரமித்து, வனத்துறை அகற்றிவரும் அயல்மரம் அது. இனாமாகக் கொடுத்தாலும் வேண்டாம். குல்மோகர் கன்று இறகு போல் இருக்கும். மஞ்சள் பூப்பூக்கும் இயல்வாகையும் அப்படியே இருப்பதால் கொழுந்தைப் பாருங்கள்: துரு நிறப் பொடிமயிர் இருந்தால் இயல்வாகை.

பையின் அடியில் வேர் சுருண்டிருந்தால் வேறு கன்று கேளுங்கள். சுருள் வேரோடு நட்ட மரம் வளர்ந்தபின் காற்றில் சாயும்.

இரண்டடி ஆழ அகலக் குழி, மூன்றில் ஒரு பங்கு மக்கிய தொழுவுரம் போதும். சரக்கொன்றைக்கு நீர் தேங்கக் கூடாது. களிமண்ணில் மேடு கட்டி நடவும். மஞ்சள் பட்டாம்பூச்சிகளின் புழு இலையை மொட்டையாக்கினால் பதறி மருந்தடிக்க வேண்டாம், திரும்பத் துளிர்க்கும். குல்மோகரின் வேர் மேலாகவே படர்ந்து தளத்தையும் சுற்றுச்சுவரையும் தூக்கிவிடும். கட்டையும் பலமற்றது, புயலில் கிளை முறியும், மரமே சாய்வதும் உண்டு. கட்டடத்திலிருந்து 30 அடியாவது தள்ளி நடுங்கள்.

சரக்கொன்றை நம் இலையுதிர்காடுகளின் சொந்த மரம். அதன் காய்ச் சதையைக் கரடி தின்று விதையைப் பரப்புகிறது. குல்மோகர் மடகாஸ்கரின் வறண்ட காடுகளைச் சேர்ந்தது. உலகமெங்கும் சாலையோரம் நிற்கும் இந்த மரம், கரிக்காகவும் சாகுபடிக்காகவும் காடு அழிவதால் பிறந்த ஊரில் நெருக்கடியில் இருக்கிறது. ஆனாலும் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு அமைப்பான ஐயூசிஎன் பட்டியலில் முன்பு ‘அழிவாய்ப்பு’ (அழியக்கூடிய) நிலையில் இருந்து, இப்போது ‘தீவாய்ப்புக் குறைந்த இனம்’ (அழியும் ஆபத்து குறைந்தது) ஆகியிருக்கிறது. சரக்கொன்றைக்கும் அதே தகுதிதான்.

விதையிலிருந்து வளர்ப்பதானால் இரண்டுக்கும் தோல் கெட்டி. உப்புத்தாளில் ஓரத்தைத் தேய்த்து, ஓர் இரவு ஊறவைத்து, உப்பிய விதைகளை மட்டும் ஊன்றுங்கள். உப்பாததை மறுபடி தேய்க்கவும்.