6,800 ரூபாய் கண்ணாடி. பாசி ஓட்டை மட்டும் தெரியவில்லை

ஆரி வேலை (கொக்கி ஊசியால் துணியில் போடும் எம்ப்ராய்டரி) செய்கிறவர்கள் கண்ணை எப்படிப் பார்த்துக்கொள்வது என்று நிதானமாக எழுத நினைத்திருந்தேன். இன்றைக்கு அந்த நிதானம் வராது. 6,800 ரூபாய் போயிருக்கிறது.

எனக்கு 43 வயது. தக்கலையில் வீட்டிலிருந்தே கல்யாண பிளவுஸுக்கு ஆரி போட்டுக் கொடுக்கிறேன். ஆறு மாதமாகச் சுகர் பாசியின், அதுதான் பொடிப் பாசியின், ஓட்டை தெரியவில்லை. நாலைந்து தடவை குத்தினால்தான் ஊசியில் ஒரு பாசி ஏறும். வெள்ளெழுத்துதான், நாற்பதைத் தாண்டினால் யாருக்கும் வருவது. சரி என்று நாகர்கோவிலில் 'இலவசக் கண் பரிசோதனை' போர்டு வைத்திருந்த ஒரு கண்ணாடிக் கடைக்குப் போனேன்.

அங்கிருந்த பையன் "அக்கா, அக்கா" என்று அவ்வளவு மரியாதை. "கைவேலைக்காரங்களுக்குக் கண்ணுதானே சொத்து" என்றான். ஒரு நீல டார்ச்சை அட்டையில் அடித்தான். நடுவே லென்ஸைப் பிடித்ததும் அட்டையில் வெளிச்சம் விழவில்லை. நீல வெளிச்சத்தைத் தடுக்கிற 'ப்ளூ கட்' லென்ஸாம். அங்கேதான் நான் விழுந்தேன். பாசியிலிருந்து என்ன நீல வெளிச்சம் வருகிறது? அப்போது கேட்கத் தோன்றவில்லை. தூரம், கிட்டம் எல்லாம் ஒன்றிலேயே தெரியும் என்று புராகிரஸிவ் போட்டுவிட்டான். வேலையை எவ்வளவு தூரத்தில் வைத்துப் பார்ப்பேன் என்று கேட்கவில்லை. இரண்டு கண்மணிக்கும் இடையே உள்ள அளவையும் எடுக்கவில்லை. சீட்டு எடுத்த பணம் 6,800 அப்படியே போனது.

வீட்டுக்கு வந்து, துணியை இழுத்துக் கட்டிய ஸ்டாண்டில் குனிந்தால், லென்ஸின் அடியில் ஒரு சின்ன இடத்தில் மட்டும் துணி தெளிவு. கை இரண்டு விரல் தள்ளிப் போனால் மங்கல். கழுத்தைச் சுற்றிப் போட்ட வரி வளைந்து போய், ராத்திரி ஒரு மணி வரை உட்கார்ந்து பிரித்தேன்.

முதல் தடவை போனபோது "பழகணும் அக்கா, ரெண்டு வாரம் போடுங்க." இரண்டாம் தடவை ஓனர் இல்லை. மூன்றாம் தடவை, "லென்ஸ் வெட்டியாச்சு, திருப்பி எடுக்க மாட்டோம்." பில்லில் பவர்கூட எழுதவில்லை. அப்புறம் போனையும் எடுப்பதில்லை.

ஆசாரிப்பள்ளம் பெரியாஸ்பத்திரியில் என்னைத் தைக்கிற மாதிரி துணியைப் பிடிக்கச் சொல்லி, ஸ்கேல் வைத்து அளந்தார்கள். 30 சென்டிமீட்டர். படிக்கிற கண்ணாடிக்கு வழக்கமாகப் பார்ப்பது 40. கிட்டே போகப் போகப் பவர் கூடும். போதாததற்கு லென்ஸின் நடு என் கண்மணிக்கு நேராகவே இல்லை. கிட்டத்துக்கு மட்டும் தனிக் கண்ணாடி எழுதிக் கொடுத்தார்கள். 750 ரூபாயில் முடிந்தது. பாசி ஓட்டை தெரிகிறது!

சொல்ல வந்ததைச் சுருக்கிவிடுகிறேன். பரிசோதனைக்குப் போகும்போது வேலைத் துணியையும் எடுத்துப் போங்கள். பவரும் கண்மணி இடைவெளி அளவும் எழுதிய சீட்டைக் கையில் வாங்காமல் பணம் கொடுக்காதீர்கள். லென்ஸை விற்க அட்டையில் நீல டார்ச் அடித்தால் எழுந்து வந்துவிடுங்கள். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை தலையைத் தூக்கி வாசலில் நிற்கும் தென்னையைப் பாருங்கள். விளக்கைப் பற்றி இன்னொரு நாள். சனிக்கிழமை கல்யாணம், பிரித்த பிளவுஸ் ஸ்டாண்டிலேயே கிடக்கிறது.