ரேடியேட்டர் ஒழுகினால் அடைக்கலாமா, ஒட்டலாமா, மாற்றலாமா?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் புது ரேடியேட்டர் பக்கம். பதினோரு வருடம் ஓடிய என் பெட்ரோல் ஹேட்ச்பேக்கில் கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) குறைய ஆரம்பித்தபோது மூன்று வழி இருந்தது. கசிவை அடைக்கும் திரவத்தை வாங்கி ஊற்றலாம், ரேடியேட்டரைக் கழற்றிப் பட்டறையில் ஒட்டித் தரச் சொல்லலாம், இல்லையென்றால் புதிதாக வாங்கி மாட்டலாம். நான் மாற்றிவிட்டேன். ரேடியேட்டரில் காசு மிச்சம் பிடிக்கப் போய் கடைசியில் இன்ஜினின் மேல்பாகமான சிலிண்டர் ஹெட்டையே கழற்ற வேண்டி வந்தவர்களைத் தெரியும் என்பதால் இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

எதைத் தேர்ந்தெடுப்பது என்பதற்கு முன்னால், எங்கே ஒழுகுகிறது என்று தெரிய வேண்டும். கூலன்ட் ஓடுவது மூடிய சுற்றில், பெட்ரோல் மாதிரி செலவாகிற பொருள் இல்லை. ரிசர்வ் டப்பாவில் மாதாமாதம் ஊற்றிக்கொண்டிருக்கிறீர்கள் என்றால் எங்கோ வெளியே போகிறது. தரை காய்ந்திருக்கிறதே என்று நம்பிவிடாதீர்கள், சூடான பாகத்தில் சொட்டுவது தரைக்கு வருவதற்குள் ஆவியாகிவிடும், வெள்ளையாகவோ கூலன்ட் நிறத்திலோ ஒரு பொருக்கு மட்டும் மிஞ்சும். இன்ஜின் ஆறிய பிறகு ஓஸ் முனைகள், கிளிப்புகள், வாட்டர் பம்ப்பின் அடியில் இருக்கும் சின்ன ஓட்டை, ரேடியேட்டரின் ஓரம் எல்லாவற்றையும் டார்ச் அடித்துப் பாருங்கள். சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்கவே கூடாது. உள்ளே கால்மிதி ஈரமாகி இனிப்பு வாடை வந்தால் ஒழுகுவது ஹீட்டர் கோர், காருக்குள் சூடான காற்று தரும் குட்டி ரேடியேட்டர். வெளியே எங்கும் தடயமே இல்லை, ஆயில் மூடியின் உட்புறம் பால் கலந்த காபி நிறத்தில் இருக்கிறது, இன்ஜின் சூடான பிறகும் வெள்ளைப் புகை நிற்கவில்லை என்றால் சிலிண்டர் ஹெட்டுக்கு அடியில் இருக்கும் ஹெட் கேஸ்கட் மேல்தான் சந்தேகம் போக வேண்டும். அது வேறு கதை, கீழே சொல்லும் மூன்றும் அதற்கு மருந்தில்லை.

ரேடியேட்டர் மூடியையும் விட்டுவிடாதீர்கள். தண்ணீரோடு பாதிக்குப் பாதி கலந்த எத்திலீன் கிளைக்கால் கூலன்ட் திறந்த பாத்திரத்தில் 107 டிகிரி வாக்கில் கொதித்துவிடும், மூடி ஏறக்குறைய 1 பார் அழுத்தத்தைப் பிடித்து வைத்தால் 129 டிகிரி வரை தாங்கும். மூடியின் ஸ்பிரிங்கோ ரப்பரோ தளர்ந்துபோனால் ஒழுகலே இல்லாமல்கூட கூலன்ட் குறையும். இருப்பதிலேயே மலிவான பாகம் அதுதான், முதலில் அதை மாற்றிப் பாருங்கள்.

என் வண்டியில் கோளாறு மூடியில் இல்லை. மெக்கானிக் பிரஷர் டெஸ்டரை மாட்டி, மூடியில் எழுதியிருந்த அளவுக்குக் கையால் பம்ப் செய்தார். முள் நிற்கவில்லை, மெதுவாக இறங்கியது. கறுப்பு பிளாஸ்டிக் டேங்கும் அலுமினியமும் சேரும் மடிப்பில், வரிசையாக மடக்கியிருக்கும் பற்களில் இரண்டுக்கு நடுவே ஒரு சொட்டு திரண்டு, பெருத்து, பழைய பொருக்கின் மேலேயே வழிந்து இறங்கியது. அந்த டேங்கின் கறுப்பும் ஓஸ் நுழையும் இடத்தில் மங்கிப் பழுப்பேறியிருந்தது. அதைப் பார்த்தபோதே எனக்குப் பாதி முடிவு வந்துவிட்டது.

கசிவடைக்கும் திரவத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அதில் இருப்பது நார்த்துகளோ, உலோகத் தூளோ, சோடியம் சிலிகேட்டோதான். ஓட்டையில் போய்ச் சேர்ந்து இறுகும். அந்தக் காலத்து லாரி டிரைவர்கள் ரேடியேட்டரில் மஞ்சள்தூள் போட்டு ஊர் வந்து சேர்ந்ததும் இதே கணக்கில்தான். ராத்திரி நேரத்தில் உளுந்தூர்பேட்டை தாண்டி நின்றுவிட்டால் நானும் ஊற்றுவேன். ஆனால் ஓட்டை எது, ஹீட்டர் கோரின் மெல்லிய குழாய் எது என்று அதற்குத் தெரியாது, இரண்டிலும் படியும்.

பட்டறை வேலையில் ஒரு பெரிய பிரிவு உண்டு. செம்பு-பித்தளை ரேடியேட்டராக இருந்தால் யோசிக்கவே வேண்டாம், அம்பாசடர் காலத்து வண்டி, பழைய டிராக்டர், லாரி எல்லாவற்றுக்கும் ஈயம் வைத்துப் பற்றவைத்தால் வருடக்கணக்கில் நிற்கும், அந்தக் கைவேலைக்கு மரியாதை கொடுக்க வேண்டும். இன்றைய கார்களில் இருப்பதோ அலுமினியக் கோரும் (குழாய்கள் இருக்கும் நடுப்பகுதி) நைலான் டேங்கும், நடுவில் ஒரு ரப்பர் கேஸ்கட். ஈயம் அதில் ஒட்டாது. எம்-சீல் மாதிரி ஏதாவது பூசுவார்கள், இல்லையென்றால் பற்களை நிமிர்த்தி, கேஸ்கட்டை மாற்றி, திரும்ப மடக்குவார்கள். இரண்டாவது வேலை நேர்மையானது, பாதி விலைக்கும் குறைவாகவே முடியும். ஆனால் அலுமினியப் பல்லை ஒருமுறை நிமிர்த்தி மடக்கினாலே பலம் போய்விடுகிறது, சிலது கையோடு ஒடிந்தும் வரும். போதாததற்கு டேங்க் அதே பழைய டேங்க். வருடக்கணக்காகச் சூட்டிலும் கிளைக்காலிலும் ஊறிய நைலான் மொறுமொறுப்பாகியிருக்கும். இன்று மடிப்பில் கசிந்தது நாளை ஓஸ் கழுத்தில் விரியலாம்.

எனக்கு முடிவைத் தீர்மானித்தது விலை இல்லை. ஒவ்வொரு வழியும் தோற்கிற நாளில் எப்படித் தோற்கும் என்பதுதான். கேஸ்கட் ஓரம் கசிவது மெதுவாக நடக்கும், டப்பாவில் மட்டம் இறங்குவதைப் பார்த்துக் கண்டுபிடிக்க அவகாசம் கிடைக்கும். ஒட்டுப்போட்ட இடமோ விரிந்த நைலானோ அப்படி இல்லை, முழு அழுத்தத்தில் நெடுஞ்சாலையில் ஓடும்போது ஒரேயடியாகப் பிய்த்துக்கொள்ளும், சில நிமிடங்களில் மொத்த கூலன்ட்டும் வெளியே போய்விடும். அப்போதுதான் பலர் ஏமாறுகிறார்கள். டெம்பரேச்சர் சென்சார் கூலன்ட்டில் மூழ்கியிருந்தால்தான் சரியாகக் காட்டும், கூலன்ட் இறங்கி அது வெறும் காற்றில் நின்றுவிட்டால் முள் ஏறாமலே இருக்கலாம், ஏறிய முள் இறங்கவும் செய்யலாம். ஓட்டுகிறவர் ஆறிவிட்டது என்று நினைத்து மிதிப்பார். அலுமினிய ஹெட் அந்தச் சூட்டில் வளைந்துவிடும், ஹெட் கேஸ்கட் போகும், அப்புறம் ஹெட்டைக் கழற்றி லேத்தில் சீவுவது வரை போகும். அந்தச் செலவில் சின்ன காருக்குச் சில ரேடியேட்டர்களே வாங்கிவிடலாம். குடும்பத்தை ஏற்றிக்கொண்டு வெளியூர் போகிற வண்டியில் இந்த ஆபத்தை நான் எடுக்கமாட்டேன். ஊருக்குள்ளேயே ஓடி அடுத்த வருடம் கைமாறப் போகிற வண்டி என்றால், கேஸ்கட் மாற்றும் பட்டறை வேலை போதும் என்று சொன்னால் சண்டை போடமாட்டேன்.

புதிதிலும் இரண்டு ரகம் உண்டு. நான் போட்டது கார் கம்பெனியின் உதிரிபாகம். சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு கடைகளில் வெளிக் கம்பெனி ரேடியேட்டர் அதைவிடக் குறைந்த விலைக்குக் கிடைக்கிறது, நல்ல பெயர் உள்ளவையும் இருக்கின்றன, ஆனால் நானே போட்டு ஓட்டியதில்லை என்பதால் சிபாரிசு செய்யமாட்டேன். புதுப்பேட்டையில் பழைய வண்டியிலிருந்து கழற்றியது மட்டும் வேண்டாம், அதன் நைலானுக்கும் உங்கள் நைலானின் வயதுதான் இருக்கும்.

மாற்றும்போது மேல் ஓஸ், கீழ் ஓஸ், மூடி மூன்றையும் சேர்த்தே மாற்றச் சொல்லுங்கள், கூலி ஒன்றுதான். கூலன்ட் வண்டியின் கையேட்டில் சொன்ன வகையாக இருக்கட்டும், நிறம் ஒன்றாக இருக்கிறது என்று வேறு வகையைக் கலக்காதீர்கள். தண்ணீர் கலந்து ஊற்ற வேண்டிய அடர்கூலன்ட்டாக இருந்தால் போர் தண்ணீர் சேர்க்கவே கூடாது, உப்பு படிந்து புதுக் குழாயையும் அடைக்கும், டிஸ்டில்ட் வாட்டர் வாங்குங்கள். ஊற்றிய பிறகு காற்றை முழுக்க வெளியேற்றினார்களா, ஃபேன் ஒருமுறை தானாக ஓடி நிற்கும் வரை இன்ஜினை ஓடவிட்டார்களா என்று கூடவே நின்று பாருங்கள். முதல் வாரம் தினமும் காலையில், வண்டியை எடுப்பதற்கு முன்னால், டப்பா மட்டத்தைப் பாருங்கள். உள்ளே மிச்சமிருந்த காற்று வெளியேறுவதால் ஓரிரு நாள் கொஞ்சம் இறங்கும், அதன் பிறகும் இறங்கினால் டெஸ்டரைத் திரும்ப மாட்டச் சொல்லுங்கள்.