வெளிநாட்டுப் பார்சல்: அஞ்சலா, கூரியரா, வரியை முன்கூட்டியே கட்டுவதா?

60-க்கு வாங்கிய பொருள் கைக்கு வந்து சேர்வதற்குள் 130 ஆகிவிட்டால், எல்லோரும் முதலில் திட்டுவது சுங்கத்துறையைத்தான். ரசீதை வரி வரியாகப் பிரித்துப் பார்த்தால் அந்தக் கோபம் பாதி தவறான இடத்துக்குப் போகிறது என்பது புரியும். ஒரே பொருளுக்கான வரிவிகிதம், பார்சல் எந்த வழியில் வந்தாலும் பொதுவாக ஏறக்குறைய ஒன்றுதான். சிறிய பார்சலின் விலையை ஏற்றிவிடுவது அனுப்பும் செலவும், அந்த வரியை உங்கள் சார்பில் கட்டிய நிறுவனம் வாங்கிக்கொள்ளும் கூலியும். அதனால் ஆர்டர் போடுவதற்கு முன்பே இரண்டு விஷயங்கள் தெரிந்திருக்க வேண்டும்: சுங்கத்தில் கணக்கைத் தாக்கல் செய்வது யார்? பணத்தை முதலில் கட்டுவது யார்?

அஞ்சல் வழி

அனுப்புபவர் தன் நாட்டு அஞ்சலகத்தில் பார்சலைக் கொடுக்கிறார். சிறு பொட்டலம் என்றால் அதன் மேல் ஒட்டும் சுங்கப் படிவம் சிஎன் 22. மதிப்பு 300 எஸ்டிஆரைத் தாண்டினால் விவரம் கூடுதலாகக் கேட்கும் சிஎன் 23. எஸ்டிஆர் என்பது பன்னாட்டு நாணய நிதியத்தின் கணக்கு அலகு. பெறும் நாட்டில் சுங்க அதிகாரி இந்த விவரத்தை வைத்து வரி போடுகிறார். அஞ்சல் துறை அதை வசூலித்துக் கொடுக்கிறது, அதற்குக் கையாளும் கட்டணம் ஒன்றைச் சேர்க்கிறது. இது பெரும்பாலும் நிலையான, சிறிய தொகை. பல நாடுகளில் வரி விழாத பார்சலுக்கு இந்தக் கட்டணமே கிடையாது.

குறை என்னவென்றால், நடுவில் என்ன நடக்கிறது என்று கேட்க ஆள் இருக்காது. சுங்கத்தில் மூன்று வாரம் கிடந்தாலும் டிராக்கிங்கில் ஒரே வாசகம்தான் தெரியும்.

கூரியர் வழி: வரி, பார்சலைப் பெறுபவரின் பொறுப்பு

விற்பனையாளர்கள் இதை டிஏபி (இடத்தில் ஒப்படைப்பு, வரி சேராது) என்பார்கள். டிடியு (வரி கட்டாமல் ஒப்படைப்பு) என்று எழுதியிருந்தாலும் நடைமுறையில் இதே பொருள்தான். அந்தச் சொல் பன்னாட்டு வணிகச் சொற்களை வரையறுக்கும் இன்கோடெர்ம்ஸ் 2010 விதித்தொகுப்பிலேயே நீக்கப்பட்டுவிட்டது, ஆனாலும் பழக்கத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது. கூரியர் நிறுவனம் தன் சொந்த சுங்கத் தரகரை வைத்து, விமானம் இறங்குவதற்கு முன்பே ஆவணங்களைத் தாக்கல் செய்து, வரியைத் தன் பணத்திலிருந்து கட்டி, பார்சலை வெளியே எடுத்துவிடுகிறது. வேகத்துக்குக் காரணம் இதுதான். கட்டணத்துக்குக் காரணமும் இதுதான்.

பில்லில் வரும் தலைப்புகள் நிறுவனத்துக்கு நிறுவனம் வேறு பெயரில் இருக்கும். உள்ளே இருப்பது இவைதான்: வரியை முன்பணமாகக் கட்டியதற்கான கட்டணம், இதில் 'குறைந்தபட்சம் இவ்வளவு, அல்லது வரித்தொகையில் இத்தனை விழுக்காடு, எது அதிகமோ அது' என்ற விதி வழக்கம், பார்சலில் பல வகைப் பொருள் இருந்தால் கூடுதல் வரிசைக் கட்டணம், மருந்து, விதை, ரேடியோ கருவி போன்றவற்றுக்கு வேறு துறையின் அனுமதி வாங்கித் தந்ததற்கான கட்டணம், நீங்கள் ஆவணம் அனுப்பத் தாமதித்த நாட்களுக்குக் கிடங்கு வாடகை. பல நாடுகளில் இந்தக் கட்டணங்களின் மேலும் சேவை வரி தனியாக ஏறும்.

வரியை வாங்கும்போதே கட்டும் வழி

டிடிபி (வரி கட்டி ஒப்படைப்பு) என்பது இது. விற்பனையாளரோ விற்பனைத் தளமோ வரியைக் கணக்கிட்டு, பணம் கட்டும் பக்கத்திலேயே வாங்கிக்கொள்ளும். வாசலில் யாரும் எதுவும் கேட்கக்கூடாது. ஐரோப்பிய ஒன்றியம் 22 யூரோ வரையிலான பார்சல்களுக்கு இருந்த மதிப்புக்கூட்டு வரி விலக்கை 2021 ஜூலை 1 முதல் எடுத்துவிட்டது. 150 யூரோ வரையிலான பார்சலுக்கு விற்பனையின்போதே வரியை வாங்கிக் கட்டும் ஐஓஎஸ்எஸ் முறை அப்போதுதான் வந்தது. ஆஸ்திரேலியா 2018 ஜூலையிலிருந்தே 1000 ஆஸ்திரேலிய டாலர் வரையிலான பொருட்களுக்குப் பெரிய விற்பனையாளர்கள் வழியாக இப்படி வசூலிக்கிறது. அமெரிக்கா 800 டாலர் வரையிலான பார்சல்களுக்கு இருந்த தீர்வை விலக்கை 2025 ஆகஸ்ட் 29 முதல் எல்லா நாடுகளுக்கும் நிறுத்தியபோது, வரியை முன்கூட்டியே வசூலிக்க ஏற்பாடு இல்லாத பல நாட்டு அஞ்சல் துறைகள் அங்கே பார்சல் அனுப்புவதையே தற்காலிகமாக நிறுத்திவைத்தன. விலக்கு வரம்பு குறையக் குறைய, மலிவான அஞ்சல் வழியின் பலமும் குறைகிறது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

எந்த நாணயமாகவும் வைத்துக்கொள்ளுங்கள். பொருளின் விலை 60. சுங்கத் தீர்வை 10 விழுக்காடு, அதன் மேல் விற்பனை வரி 20 விழுக்காடு. அனுப்பும் செலவு அஞ்சலில் 12, கூரியரில் 25. கையாளும் கட்டணம் அஞ்சலில் 6. கூரியரில் குறைந்தபட்சம் 15, அதற்கு 20 விழுக்காடு சேவை வரி. முன்கட்டண முறைக்கு விற்பனையாளர் 4 வாங்குகிறார். விகிதங்கள் எல்லாம் கணக்குக்காக எடுத்துக்கொண்டவை.

| | அஞ்சல் | கூரியர் (டிஏபி) | கூரியர் (டிடிபி) |
|---|---|---|---|
| பொருள் + அனுப்பும் செலவு | 72 | 85 | 85 |
| தீர்வை | 7.20 | 8.50 | 8.50 |
| விற்பனை வரி | 15.84 | 18.70 | 18.70 |
| கையாளும் கட்டணம் | 6 | 18 | 4 |
| மொத்தம் | 101.04 | 130.20 | 116.20 |

அனுப்பும் செலவு கூடியதால் வரியும் கூடியதைக் கவனியுங்கள். ஐரோப்பிய ஒன்றியம், இந்தியா போன்ற இடங்களில் பொருள், காப்பீடு, சரக்குக் கட்டணம் மூன்றையும் கூட்டித்தான் தீர்வை. அமெரிக்காவும் கனடாவும் பன்னாட்டுச் சரக்குக் கட்டணத்தைத் தீர்வைக் கணக்கில் சேர்ப்பதில்லை. மூன்று தொகையையும் கூட்டும் நாட்டில் வேகமான டெலிவரிக்கு நீங்கள் இரண்டு முறை பணம் கட்டுகிறீர்கள்.

இதே கணக்கை 600 விலையுள்ள பொருளுக்குப் போடுங்கள். அனுப்பும் செலவு அஞ்சலில் 25, கூரியரில் 40. அஞ்சலில் மொத்தம் 831, கூரியரில் 862.80. வித்தியாசம் சுமார் 32. சிறிய பார்சலில் அது 29. தொகை கிட்டத்தட்ட அதேதான். ஆனால் 60-க்கு வாங்கிய பொருளில் அது பாதி விலை, 600-க்கு வாங்கியதில் இருபதில் ஒரு பங்கு. ஆகவே விலை குறைந்த, உடையாத, அவசரமில்லாத பொருளுக்கு அஞ்சல். விலை உயர்ந்ததற்கு, காப்பீடும் பொறுப்பேற்க ஓர் ஆளும் வேண்டியதற்கு, கூரியர். இடையில் இருப்பதற்கெல்லாம், நம்பகமான தளம் டிடிபி கொடுத்தால் அதையே எடுப்பேன்.

பல கடைகளின் பொருட்களை வெளிநாட்டு முகவரியில் சேர்த்து ஒரே பெட்டியாக அனுப்பும் ஃபார்வர்டர் சேவை நான்காவது வழி. கட்டணம் ஒருமுறைதான் விழும் என்பது லாபம். தனித்தனியே வந்திருந்தால் விலக்கு வரம்புக்குள் இருந்திருக்கும் பொருட்கள், ஒன்றாகச் சேர்ந்து வரம்பைத் தாண்டுவது நட்டம். பெரிய பெட்டியில் கன அளவு எடையையும் பாருங்கள்: நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி 5000-ஆல் வகுத்தால் கிலோ. 40×30×30 பெட்டி 7.2 கிலோ, உள்ளே இருப்பது இரண்டு கிலோ தலையணை என்றாலும் 7.2-க்குத்தான் பில்.

எங்கே சொதப்புகிறது

அதிகம் நடப்பது, டிடிபி-க்குப் பணம் கட்டியும் வாசலில் மறுபடி வரி கேட்பது. விற்பனையாளர் கூரியர் லேபிள் போடும்போது வரிப் பொறுப்பை 'பெறுபவர்' என்று விட்டிருப்பார். அஞ்சல் என்றால் விற்பனையாளரின் ஐஓஎஸ்எஸ் பதிவு எண், சுங்கத்துக்குப் போகும் மின்னணுத் தகவலில் போயிருக்காது. அவசரத்தில் கட்டிவிடாதீர்கள். வரி தனியாகக் காட்டப்பட்ட ஆர்டர் ரசீதைக் கூரியருக்கு அனுப்பி, பில்லை அனுப்பியவர் கணக்குக்கு மாற்றச் சொல்லுங்கள். அதே நாளில் விற்பனையாளருக்கும் எழுதுங்கள். கூரியரிடம் அதை மாற்ற ஒப்புதல் தர வேண்டியவர் அவர்தான்.

அடுத்தது விவரமில்லாத விவரம். படிவத்தில் 'பாகங்கள்', 'பரிசு' என்று மட்டும் இருந்தால் பார்சல் நிற்கும், அல்லது அதிக விகிதத்தில் வரி விழும். 'பருத்தி ஆண்கள் சட்டை, நெய்த துணி, 2' என்பது போல எழுதச் சொல்லுங்கள். பொருளை வகைப்படுத்தும் ஆறு இலக்க எச்எஸ் கோடு உலகம் முழுக்கப் பொது. அதை விற்பனையாளரிடம் கேட்டு இன்வாய்ஸில் போடச் சொன்னால் தரகர் ஊகிக்க வேண்டியதில்லை. மேற்சொன்ன சட்டைக்கு 6205.20. பின்னலாடையாக இருந்தால் 6105.10. ஒரே சட்டைதான், துணி நெய்ததா பின்னியதா என்பதில் கோடு மாறுகிறது, விகிதமும் மாறலாம்.

விலையைக் குறைத்து எழுதித் தருகிறேன் என்று சில விற்பனையாளர்கள் தாமாகவே சொல்வார்கள். வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அதிகாரி அதே பொருளின் விலையை இணையத்தில் பார்த்துவிடுவார். அபராதம் உங்கள் பெயரில் வரும். தொலைந்தால் காப்பீடும் எழுதிய தொகைக்குத்தான். தள்ளுபடியில் வாங்கியிருந்தால் மட்டும், கட்டிய உண்மையான தொகை இன்வாய்ஸில் தெரிய வேண்டும். பட்டியல் விலைக்கு வரி போட்டால் அட்டைக் கட்டண ரசீதைக் காட்டிக் கேட்கலாம். சுங்கம் தான் அறிவித்த மாற்று விகிதத்தைப் பயன்படுத்தும் என்பதால், வங்கி காட்டிய தொகையோடு கொஞ்சம் முன்பின் இருப்பது பிழையல்ல.

பழுதுபார்க்க அனுப்பித் திரும்பி வரும் பொருளுக்கு முழு வரி விழுவதைத் தடுக்க, வெளியே அனுப்பும்போதே வரிசை எண்ணோடு சுங்கப் பதிவு இருக்க வேண்டும். திரும்பி வந்தபின் தேடினால் பெரும்பாலும் கிடைக்காது.

கூரியர் கூலியைத் தவிர்க்க நீங்களே கிளியரன்ஸ் செய்யவும் சில நாடுகளில் வழி உண்டு. பார்சல் இறங்குவதற்கு முன்பே கூரியருக்கு எழுத்தில் சொல்லி, ஏர்வே பில் (விமானச் சரக்குச் சீட்டு), இன்வாய்ஸ் நகல்களை வாங்கி, சுங்க அலுவலகத்தில் கட்டி, ரசீதைக் காட்டிப் பெட்டியை எடுக்க வேண்டும். தரகர் தாக்கல் செய்துவிட்டால் கதவு மூடியது. ஆவணங்களை ஒப்படைக்கவே சில நிறுவனங்கள் கட்டணம் கேட்கும். கூட்டிப் பார்த்துவிட்டு அரைநாளைச் செலவிடுங்கள்.

பணம் கேட்டு வரும் குறுஞ்செய்தி

'சுங்கக் கட்டணம் பாக்கி' என்று லிங்க்கோடு வருவதை எப்போதும் அழுத்தாதீர்கள். பார்சலின் டிராக்கிங் எண்ணை நீங்களே நிறுவனத்தின் தளத்தில் போட்டுப் பாருங்கள். அஞ்சல் டிராக்கிங் எண் என்றால் இரண்டு எழுத்து, ஒன்பது இலக்கம், அனுப்பிய நாட்டின் இரண்டு எழுத்து. ஒன்பதாவது இலக்கம் சரிபார்ப்புக்கு: முதல் எட்டையும் முறையே 8, 6, 4, 2, 3, 5, 9, 7 ஆல் பெருக்கிக் கூட்டி, 11-ஆல் வகுத்த மீதியை 11-லிருந்து கழிக்க வேண்டும். 10 வந்தால் 0, 11 வந்தால் 5. 30517245 என்றால் கூட்டுத்தொகை 148, மீதி 5, ஒன்பதாவது இலக்கம் 6. பொருந்தாத எண் பொய் எண். பொருந்தியதாலேயே உண்மை ஆகிவிடாது.

ஒன்றை மட்டும் பொய் என்று தள்ளிவிடாதீர்கள். கூரியர் பார்சலை முதலில் கொடுத்துவிட்டு, பில்லைப் பல நாள் கழித்துத் தபாலில் அனுப்புவது உண்டு. அதிலுள்ள ஏர்வே பில் எண் பெட்டியில் ஒட்டியிருந்ததோடு பொருந்துகிறதா என்று பாருங்கள். அதற்காகவே லேபிளைக் கிழித்துப் போடாமல் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கணக்கு தப்பாக இருந்தால் சுங்கத் தாக்கல் நகலைக் கேளுங்கள். பிழை வரியில் என்றால் திரும்பப் பெறும் மனு சுங்கத்துக்கு, கெடுவுக்குள். பிழை எச்எஸ் கோடு எழுதிய தரகருடையது என்றால் கையாளும் கட்டணத்தையும் கூரியரிடம் திருப்பிக் கேளுங்கள். பொருளைத் திருப்பி அனுப்பிய வழக்கில் வரி கிடைத்தாலும் இந்தக் கட்டணம் கிடைக்காது.