கையடக்க அரசியலமைப்புச் சட்டம்: கடைசிப் பக்கத்திலிருந்து படியுங்கள்

மலேசியாவின் பேரா மாநிலத்தில் எங்கள் தோட்டத்துப் பட்டணத்தில் பள்ளிச் சீருடையும் நோட்டுப் புத்தகமும் விற்கும் ஒரு கடையில்தான் இந்தக் கூட்டரசு அரசியலமைப்புச் சட்டப் புத்தகத்தை வாங்கினேன். மலாய்ப் பதிப்பு, உள்ளங்கை அளவு, 20 வெள்ளிக்கு (ரிங்கிட்டுக்கு) கொஞ்சம் குறைவு. "லா படிக்கிறீங்களா தம்பி?" என்றார் கடைக்கார அண்ணன். இல்லண்ணே, லயத்து வரிசை வீடுகளுக்குப் பின்னால இருக்கிற லோங்காங்குக்காக (வடிகாலுக்காக) என்றதும் சிரித்துவிட்டு ஒரு வெள்ளி குறைத்துக்கொண்டார்.

நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. மழை பெய்தால் அந்த லோங்காங் நிரம்பித் தண்ணீர் அடுப்படிக்கே வந்துவிடும், புகார் சொல்லப் போனால் ஒரு அலுவலகம் அது மாநிலத்து வேலை என்கும், அடுத்தது மத்திய அரசைக் கேள் என்கும், மூன்றாவது அது தோட்டத்து நிலமாச்சே என்று கையை விரிக்கும். எந்த வேலை யாருடையது என்று ஒரு தடவையாவது எழுத்தில் பார்த்துவிட வேண்டும் என்று தோன்றிவிட்டது.

முதல் தப்பு, முதல் பக்கத்திலிருந்து படித்தது. 4ஆவது விதி நன்றாகத்தான் இருக்கிறது: இதுவே நாட்டின் தலையாய சட்டம், மெர்டேக்காவுக்குப் (சுதந்திர நாளுக்குப்) பிறகு இதற்கு முரணாக எந்தச் சட்டம் வந்தாலும் முரண்பட்ட அளவுக்கு அது செல்லாது. அப்புறம் மாமன்னர், ஆட்சியாளர்கள் மன்றம் என்று போகப் போக எனக்குத் தூக்கம் வந்துவிட்டது. சரக்கெல்லாம் பின்னால் 9ஆவது அட்டவணையில்தான். அங்கே மூன்று பட்டியல். கல்வி, மருத்துவம், போலீஸ் எல்லாம் மத்திய அரசுக்கு. நிலமும் ஊராட்சியும் மாநிலத்துக்கு. மூன்றாவது 'செனாராய் பெர்சாமா', அதாவது இருவருக்கும் பொது. அதில் வடிகாலும் நீர்ப்பாசனமும் என்று ஒரு வரி! எங்கள் லோங்காங் இரண்டு பேருக்கும் சொந்தமாம். அதனால்தான் யாருக்குமே சொந்தமில்லாமல் கிடக்கிறது போல.

தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியின் இழுபறியும் இங்கேதான் புரிந்தது. பாடமும் ஆசிரியரும் மத்திய அரசு, நில விவகாரம் மாநிலம், பள்ளி நிற்கும் மண் பல இடங்களில் தோட்டக் கம்பெனியுடையது. ஒரு கூரை மாற்ற மூன்று கதவு தட்ட வேண்டியிருக்கிறதென்றால் காரணம் இந்த அட்டவணையில் இருக்கிறது. நிலம் மாநிலத்துடையது என்றாலும் 1965இன் தேசிய நிலச் சட்டத்தை இயற்றியது நாடாளுமன்றம்தான், அதற்கு 76ஆவது விதி வழிவிடுகிறது. மாநிலச் சட்டமும் மத்திய சட்டமும் மோதினால் மத்திய சட்டமே நிற்கும் என்கிறது 75. காசும் அப்படித்தான்: வருமான வரி, சுங்க வரி மேலே போய்விடும், மாநிலத்துக்கு நிலம், காடு, சுரங்கம் என்று சில்லறை.

குறைகள்? எழுத்து கடுகு மாதிரி, அம்மாவின் கண்ணாடியைக் கடன் வாங்கித்தான் படித்தேன். தாள் மெலிசு, மறுபக்கத்து எழுத்து தெரிகிறது. பொருளடைவு இல்லை. சட்ட மலாய் பள்ளியில் படித்த மலாய் இல்லை, ஒரே வாக்கியம் அரைப் பக்கம் ஓடும்.

வாங்குகிறவர்கள் ஒன்று மட்டும் கவனியுங்கள், அலமாரியில் பழைய சரக்கும் இருக்கிறது. கடையிலேயே 119ஆவது விதியைத் திறந்து பாருங்கள், வாக்களிக்கும் வயது 21 என்று இருந்தால் வைத்துவிடுங்கள், 2019இல் திருத்தி 18 ஆக்கிவிட்டார்கள். கட்சி தாவினால் நாற்காலி போகும் என்ற 49ஏ விதி 2022இல் வந்தது, அதுவும் இருக்கிறதா பாருங்கள். நான் முதலில் எடுத்த பிரதியில் இரண்டும் இல்லை, அண்ணன் முணுமுணுக்காமல் மாற்றிக் கொடுத்தார்.

ஐந்துக்கு நாலு நட்சத்திரம். இப்போது புகார்க் கடிதத்தில் அட்டவணை எண்ணையும் சேர்த்து எழுதி இரண்டு பக்கமும் ஒரே நாளில் அனுப்பியிருக்கிறேன். லோங்காங் இன்னும் அப்படியேதான், ஆனால் போன வாரம் இரண்டு பேர் வந்து போட்டோ எடுத்துக்கொண்டு போனார்கள்.