தொண்டையில் நிற்கும் பரோட்டா: அமிலம் குறைக்கும் மாத்திரையா, தேனில் குழைத்த மருந்தா, பாலை விடுவதா?

சிலரைப் பந்தியில் பார்த்தாலே தெரியும். இரண்டு வாய்க்கு ஒரு மடக்குத் தண்ணீர். கோழித்துண்டை நார் நாராகப் பிய்ப்பார்கள். பக்கத்து இலைக்காரர் கை கழுவிவிட்டு வந்த பிறகும் மென்றுகொண்டிருப்பார்கள். கேட்டால் "கேஸ் ட்ரபிள்" என்பார்கள். இவர்களில் சிலருக்கு இருப்பது ஈசினோஃபிலிக் ஈசோஃபஜைட்டிஸ். அதாவது, ஒவ்வாமையால் ஈசினோஃபில் என்ற வெள்ளையணுக்கள் உணவுக்குழாய்ச் சுவரில் குவிந்து உண்டாக்கும் அழற்சி. அதனால்தான் சாப்பாடு இறங்காமல் சிக்குகிறது.

கண்டுபிடிக்க எண்டோஸ்கோப்பி வேண்டும். குழாயில் வளையங்களோ நீளக் கோடுகளோ வெண்புள்ளிகளோ தெரியலாம், ஒன்றுமே தெரியாமலும் போகலாம். பார்வைக்கு நன்றாக இருந்தாலும் மேலும் கீழுமாகக் குறைந்தது ஆறு துணுக்காவது பயாப்ஸிக்கு எடுக்கச் சொல்வது அதனால்தான். நுண்ணோக்கியில் ஒரு பார்வைப் பரப்புக்குள் 15 ஈசினோஃபிலாவது இருக்க வேண்டும். கையில் குத்திப் பார்க்கும் அலர்ஜி டெஸ்ட்டை நம்பி உணவை ஒதுக்கினால் பெரும்பாலும் ஏமாற்றம்தான்.

சரி, சிகிச்சை. அமிலத்தைக் குறைக்கும் ஒமெப்ரசோல் வகை மாத்திரைக்குக் குணமானால் "இது அந்த நோயே அல்ல" என்று ஒரு காலத்தில் தள்ளிவிட்டார்கள். 2018-இல் வந்த சர்வதேச ஒருமித்த அறிக்கை அதை மாற்றி, மாத்திரையையே ஒரு சிகிச்சையாக ஏற்றுக்கொண்டது. காலையும் மாலையுமாக இரண்டு மாதம் போட்டால் பாதிக்குச் சற்றுக் குறைவானவர்களுக்குக் கேட்கிறது. மலிவு, எளிது. என் கணக்கில் முதலில் இதுதான்.

அடுத்தது விழுங்கும் ஸ்டீராய்டு. மூன்றில் இரண்டு பேருக்குப் பலன். புடெசோனைடு என்ற ஸ்டீராய்டு ஐரோப்பாவில் 2018 முதல் நாக்கில் கரையும் மாத்திரையாகவும், அமெரிக்காவில் 2024 முதல் குடிக்கும் மருந்தாகவும் வருகிறது. அது கைக்கு எட்டாதபோது, மருந்தை மூச்சில் இழுக்கும் நெபுலைசருக்கென்று விற்கும் ரெஸ்பியூல் என்ற சின்னக் குப்பியைத் திருகி ஒரு கிண்ணத்தில் ஊற்றி, தேன் விட்டுக் கெட்டியாகக் குழைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக விழுங்கச் சொல்கிறார்கள். தண்ணியாக இருந்தால் நேரே வயிற்றுக்குப் போய்விடும். குழாய்ச் சுவரில் ஒட்டினால்தான் வேலை. பிறகு அரை மணி நேரம் தண்ணீர்கூடக் கூடாது. சிலருக்கு வாயிலோ குழாயிலோ வெள்ளையாகப் பூஞ்சை படியும். அதற்கும் மருந்து உண்டு.

உணவை விலக்குவது மருந்தில்லாத வழி, ஆனால் கடினமான வழி. பால், கோதுமை, முட்டை, சோயா, கொட்டைகள், மீன் வகை என ஆறையும் நிறுத்தி, பிறகு ஒவ்வொன்றாகச் சேர்த்து, ஒவ்வொரு முறையும் எண்டோஸ்கோப்பி. 2023-இல் வெளியான அமெரிக்க ஆய்வில், ஆறையும் விட்ட பெரியவர்களில் 40 சதவீதம் பேருக்கு அழற்சி அடங்கியது. பாலை மட்டும் விட்டவர்களில் 34. இந்த வித்தியாசத்துக்காக ஆறையும் விடுவானேன்? பாலோடு தொடங்குவதே புத்திசாலித்தனம். அதுவே நமக்குச் சின்ன விஷயமல்ல: டீ, தயிர், நெய், மோர் எல்லாம் போகும். கோதுமையையும் விடுகிறவர்கள் பெருங்காய டப்பாவைத் திருப்பிப் படியுங்கள். பல பிராண்டுகளில் மைதா கலந்திருக்கும். சில மருத்துவர்கள் சோயாவோடு பருப்பு வகை முழுவதையும் நிறுத்துவார்கள். அப்போது இட்லி, சாம்பாருக்கும் விடை கொடுக்க வேண்டியதுதான்.

ஒவ்வாமை அழற்சியை அடக்கும் டூபிலுமாப் ஊசிக்கு அமெரிக்காவில் 2022-இல் அனுமதி கிடைத்தது. பெரியவர்களுக்கு வாரம் ஒன்று. ஆய்வில் சுமார் 60 சதவீதம் பேருக்கு அழற்சி அடங்கியது. விலை மிரட்டும். மற்றவை கைவிட்ட பிறகு, அல்லது ஆஸ்துமா, எக்சிமாவும் கூடவே வாட்டினால் யோசிக்கலாம். குழாய் சுருங்கிப்போனவர்களுக்குப் பலூன் வைத்து விரிப்பார்கள். வழி திறக்கும், ஆனால் அழற்சி அப்படியே இருக்கும்.

எதை எடுத்தாலும் இரண்டு, மூன்று மாதத்தில் மறுபடி பயாப்ஸி பார்க்க வேண்டும். "இப்போ பரவாயில்லை டாக்டர்" என்பதை நம்ப முடியாது, ஏனென்றால் இவர்கள் பல வருடமாக மென்று மென்றே சமாளிக்கக் கற்றுக்கொண்டவர்கள். நானாக இருந்தால் தொண்டை எப்படி இருக்கிறது என்று கேட்க மாட்டேன். பந்தியில் எத்தனையாவது ஆளாக எழுந்திருக்கிறீர்கள் என்றுதான் கேட்பேன்.